எடுத்ததை எங்கே வைப்பது? நிலத்தடி நீரின் நச்சு உலோகங்களும் மின்வேதிச் சுத்திகரிப்பும்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பல பத்தாண்டுகளாகத் திறந்த வெளியில் ஒரு மேடு கிடந்தது. மழை பெய்தால் அதன் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசியும். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை விட்டுப்போன சக்கை அது. 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிய அந்த ஆலை, குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுத்து, குரோமேட்டைத் தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொண்டது. மிஞ்சியதை வளாகத்திலேயே கொட்டியது. ஆலை மூடப்பட்டபோது மேடு மட்டும் நின்றுவிட்டது. ஆய்வுக் கட்டுரைகள் அதன் அளவை ஒன்றரை லட்சம் டன் என்கின்றன. பிந்தைய மதிப்பீடுகள் இரண்டு லட்சம் டன்னைத் தாண்டுகின்றன. 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

ராணிப்பேட்டை என்றதும் தோல் தொழிலை நினைப்பது நம் வழக்கம். குரோமிய மாசு முழுவதையும் தோல் பதனிடும் ஆலைகளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். வேதியியல் கணக்கு சற்று வேறு. தோலைப் பதனிடப் பயன்படுவது பேசிக் குரோமியம் சல்பேட். அதிலுள்ளது குரோமியம்-3. சாதாரண நீரில் அது எளிதில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தோல் ஆலைகள் பாலாற்றுப் படுகைக்குச் செய்த கேட்டில் உப்புக்குப் பெரும் பங்குண்டு. மேட்டிலிருந்து கசிந்த மஞ்சளோ குரோமியம்-6. அது தோல் ஆலைகளுக்கு ரசாயனம் செய்துகொடுத்த ஆலையின் எச்சம். ஒரே தனிமம்தான், ஆனால் மூன்று எலக்ட்ரான்கள் குறைந்துபோனதால் அதன் குணமே மாறிவிடுகிறது. இக்கட்டுரை பேசும் தொழில்நுட்பம் அந்த மூன்று எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுப்பதில்தான் தொடங்குகிறது.

கரையும் வடிவம், கரையாத வடிவம்

பூச்சிக்கொல்லியோ சாயமோ நீரில் கலந்தால், அதன் மூலக்கூற்றை உடைத்து ஒழிக்கலாம். நுண்ணுயிர்கள் தின்னும், ஓசோன் எரிக்கும், வெயில் சிதைக்கும். உலோகத்துக்கு அந்த வழி இல்லை. குரோமியமும் ஈயமும் காட்மியமும் தனிமங்கள். அவற்றை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் அழிக்க முடியாது. செய்யக்கூடியவை இரண்டே: வடிவத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம். உலோக மாசு பற்றிய எந்த விளம்பரத்தைப் படித்தாலும் இந்த இரண்டில் எது நடக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

குரோமியம்-6 நீரில் குரோமேட் அயனியாக உலவுகிறது. அதற்கு எதிர்மின்னூட்டம். மண் துகள்களின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டதால், மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. தண்ணீர் போகும் வேகத்தில் அதுவும் போகிறது. வடிவத்தில் சல்பேட்டை ஒத்திருப்பதால் உடலின் செல்கள் சல்பேட்டை உள்ளே விடும் வழியிலேயே இதையும் விட்டுவிடுகின்றன. உள்ளே சென்றபின் அது குரோமியம்-3ஆக ஒடுங்குகிறது. அந்த மாற்றத்தின் போக்கில்தான் மரபணுப் பொருள் சேதமடைகிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை குரோமியம்-6 சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்தையே அனுமதிக்கிறது. தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் ராணிப்பேட்டை மேட்டைச் சூழ்ந்த நிலத்தடி நீரில் கண்ட உச்ச அளவு 275 மில்லிகிராம், அதாவது வரம்பைப் போல 5,500 மடங்கு. அந்தச் செறிவில் நீர் மஞ்சளாகத் தெரியும், யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். ஆபத்து அதன் ஓரங்களில் இருக்கிறது. மாசு பரவி நீர்த்து, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்கு வந்துவிட்டால் டம்ளரில் எடுத்த தண்ணீரில் நிறம் ஏறக்குறையத் தெரியாது. அப்போதும் அது வரம்பைப் போல 20 மடங்கு. நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற தனிமம், நிறமிழந்த பிறகுதான் மனிதரை ஏமாற்றுகிறது.

தேற்றாங்கொட்டையும் இரும்புத் தகடும்

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவது நம் பழைய வழக்கம். சற்று நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் படியும், மேலே தெளிநீர் நிற்கும். நகராட்சிக் குடிநீர் நிலையங்களில் படிகாரம் அதே வேலையைச் செய்கிறது. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும் நுண்துகள்களின் மின்னூட்டத்தைத் தணித்து, அவற்றை ஒன்றுசேரவிடுவதுதான் இங்கெல்லாம் நடப்பது. திரளச் செய்யும் பொருளை வெளியிலிருந்து கொட்டாமல், தண்ணீருக்குள்ளேயே மின்சாரத்தால் பிறப்பித்தால் அது மின்திரளாக்கம்.

இது நேற்றுப் பிறந்த யோசனை இல்லை. 1889ஆம் ஆண்டளவில் லண்டன் மாநகரின் கழிவுநீரை இரும்புத் தகடுகளுக்கிடையே ஓடவிட்டு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். மின்சாரம் விலை உயர்ந்ததாகவும் ரசாயன உப்புகள் மலிவாகவும் இருந்த காலத்தில் அது நிலைக்கவில்லை. இன்று நிலத்தடி நீருக்காக அது திரும்பி வந்திருக்கிறது.

அமைப்பு எளியது. ஒரு தொட்டி, அதில் வரிசையாக நிறுத்திய இரும்புத் தகடுகள், நேர்திசை மின்னோட்டம் தரும் ஒரு கருவி. நேர்மின்வாயாக இணைத்த தகடு மெல்லக் கரைகிறது. ஒவ்வொரு இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைக் கழற்றிவைத்துவிட்டு இரும்பு-2 அயனியாக நீருக்குள் இறங்குகிறது. எதிர்மின்வாயில் நீர் பிளந்து ஹைட்ரஜன் குமிழிகளாக வெளியேறுகிறது. எவ்வளவு இரும்பு கரையும் என்பதை 1830களிலேயே மைக்கேல் பாரடே விதியாக வகுத்துவிட்டார்: கரையும் அளவு, பாய்ந்த மின்னூட்டத்தின் நேர்விகிதம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1.04 கிராம் இரும்பு கரையும். ரசாயனத்தை எடைபோட்டுக் கரைத்து ஊற்றும் இடத்தில் இங்கே ஒரு திருகு இருக்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் மருந்தின் அளவு கூடும், குறைத்தால் குறையும். மூட்டை மூட்டையாக அமில உப்புகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேமித்துவைக்க வேண்டாம். தகடு கிடைத்தால் போதும்.

குரோமேட் கலந்த நீரில் இந்த இரும்பு-2 அயனி இரண்டு வேலை செய்கிறது. முதலில் தன்னிடம் இன்னும் எளிதாக விடக்கூடிய ஓர் எலக்ட்ரானைக் குரோமியத்துக்குக் கொடுக்கிறது. குரோமியத்துக்கு மூன்று வேண்டும், எனவே மூன்று இரும்பு அணுக்கள் சேர்ந்து ஓர் அணுக் குரோமியத்தை 6 என்ற நிலையிலிருந்து 3 என்ற நிலைக்கு இறக்குகின்றன. கொடுத்த இரும்பு இரும்பு-3 ஆகி, துருவின் உறவான ஹைட்ராக்சைடாகத் திரள்கிறது. குரோமியம்-3ம் நீரில் தங்க முடியாமல் அதே திரளுக்குள் சேர்ந்து படிகிறது. பிறகு வண்டலாக விட்டு, மேல்நீரை வடிகட்ட வேண்டியதுதான். ஒடுக்குவதும் திரட்டுவதும் ஒரே பொருளின் கைவேலை. அலுமினியத் தகட்டைப் போட்டால் திரளும் வேலை மட்டும் நடக்கும், எலக்ட்ரான் கொடுக்கும் வேலை நடக்காது. குரோமியம்-6க்கு இரும்பையே தேடுவதற்குக் காரணம் அதுதான்.

நிலம் அவிழ்த்ததை மீண்டும் கட்டுதல்

இந்த முறை ஆய்வகத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்து உண்மையிலேயே நாள்தோறும் ஓடிய இடத்தைப் பார்க்க வேண்டுமானால் ராணிப்பேட்டையிலிருந்து வங்கத்துக்குப் போக வேண்டும். அங்கே சிக்கல் ஆர்சனிக். துல்லியமாகச் சொன்னால் அது உலோகமும் அலோகமும் கலந்த குணமுடையது. ஆனால் நீர் மாசுக் கணக்கில் கன உலோகங்களோடுதான் எண்ணப்படுகிறது.

குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்ததால், கங்கைச் சமவெளியெங்கும் அடிகுழாய்கள் இறக்கப்பட்டன. கிருமி இல்லாத நீர் கிடைத்தது. 1983இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா உள்ளங்கை தடித்து, உடலெங்கும் புள்ளி விழுந்த நோயாளிகளைக் கண்டு, அது ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் காட்டினார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகக் குழாய் நீரைச் சோதித்து, மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் அதன் பரப்பை உலகுக்குக் காட்டினார்.

இங்கே ஆலை இல்லை, மேடு இல்லை, குற்றவாளியும் இல்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. வண்டலோடு புதைந்த தாவர எச்சங்களைத் தின்னும் நுண்ணுயிர்கள், ஆக்சிஜன் தீர்ந்தபின் அந்த இரும்பு ஆக்சைடையே மூச்சுவிடப் பயன்படுத்திக்கொள்கின்றன. அது இரும்பு-2ஆகக் கரைந்துபோகிறது. பிடித்திருந்த கை தளர்ந்ததால் ஆர்சனிக் நீருக்குள் விடுபடுகிறது.

இதைத் திருப்பிப் படித்தால் மருந்து கிடைக்கிறது. இரும்பு கரைந்ததால் விடுபட்டதை, இரும்பைத் திரும்பத் துருவாக்கிக் கட்டிவிடலாம். இரும்புத் தகடு மின்சாரத்தால் கரைந்து, காற்றின் ஆக்சிஜனோடு கூடி, புதிய துருத் துகளாகிறது. ஆர்சனிக் அந்தத் துகள்களின் மேற்பரப்பில் வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. வங்கத்து ஆழத்தில் நிகழ்ந்ததை ஒரு தொட்டிக்குள் நேர்மாறாக ஓட்டுவதாகவே இதைச் சொல்லலாம். இடையே ஒரு முடிச்சு உண்டு. நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக்கில் பெரும்பகுதி ஆர்சனிக்-3. அதற்கு அந்த நீரில் மின்னூட்டம் கிடையாது. அதனால் துருவிடம் வலுவாக ஒட்டாது. இரும்பு-2 ஆக்சிஜனோடு வினைபுரியும்போது கணநேரம் தோன்றி மறையும் வீரியமிக்க இடைப்பொருள்கள் அதை ஆர்சனிக்-5ஆக மாற்றிவிடுகின்றன. மாறியபின் அது எளிதில் பிடிபடும்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் அசோக் காட்கில் குழுவினர் இந்த முறையை வளர்த்தெடுத்து, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தப்தபி உயர்நிலைப் பள்ளியில் நிலையம் அமைத்தார்கள். 2016இல் ஓடத் தொடங்கிய அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 10,000 லிட்டர். உள்ளே வரும் நீரில் லிட்டருக்குச் சுமார் 250 மைக்ரோகிராம் ஆர்சனிக். வெளியே போகும் நீரில் 5 மைக்ரோகிராமுக்கும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 10.

பள்ளியைத் தேர்ந்தது தற்செயல் இல்லை. தப்தபி அமைந்த பாரூய்பூர் வட்டாரத்தில்தான் அதற்குமுன் பல நிறுவனங்களின் ஆர்சனிக் நீக்கும் கருவிகள் வரிசையாக நிறுவப்பட்டு, அவற்றை ஜாதவ்பூர் ஆய்வாளர்கள் இரண்டாண்டு தொடர்ந்து கண்காணித்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒன்றுகூட 10 மைக்ரோகிராம் வரம்பைத் தொடர்ந்து காக்கவில்லை. சரக்கு தீர்ந்த வடிகட்டியை மாற்ற ஆளில்லை, அடைத்துக்கொண்டதைக் கழுவ ஆளில்லை, கருவி யாருடையது என்ற கேள்விக்கு ஊரில் பதில் இல்லை. பள்ளிக்கு வாட்ச்மேன் இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், தினமும் தண்ணீர் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எலக்ட்ரான் எண்ணிக்கையைவிட இந்த மூவரின் இருப்பே நிலையத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இயந்திரத்துக்கும் தொல்லைகள் உண்டு. நீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் மிகுந்தால் துருத் துகளின் இடத்தை அவை பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கை வெளியே தள்ளும், இரும்பைக் கூட்டிப்போட வேண்டிவரும். கடின நீர் என்றால் எதிர்மின்வாயில் வீட்டுக் கெண்டியில் படிவதுபோலச் சுண்ணாம்பு படியும். நேர்மின்வாய்த் தகட்டில் கெட்டியான படலம் ஏறினால் அது கரைய மறுக்கும். அவ்வப்போது மின்திசையைத் தலைகீழாக்கினால் படலம் ஓரளவு உதிரும். மற்றதற்குக் கை வேண்டும்.

2.5 கிராமும் 22 கிலோவும்

இப்போது இரண்டு ஊர்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம். தப்தபி அளவிலான ஒரு நிலையம், நாளுக்கு 10,000 லிட்டர். வங்கத்து நீரிலிருந்து அது ஒரு நாளில் பிரித்தெடுக்கும் ஆர்சனிக் ஏறத்தாழ 2.5 கிராம். ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஒரு கிலோவைத் தொடாது.

அதே நிலையத்தை ராணிப்பேட்டையின் மிக மோசமான நீருக்கு, அதாவது லிட்டருக்கு 275 மில்லிகிராம் உள்ள நீருக்கு வைப்பதாகக் கணக்குப்போடுவோம். ஒரு நாளில் 2.75 கிலோ குரோமியம். ஒவ்வொரு கிராம் குரோமியத்துக்கும் குறைந்தது 3.2 கிராம் இரும்பு கரைய வேண்டும், ஆக ஏறத்தாழ 8.9 கிலோ தகடு. மின்னழுத்தம் 5 வோல்ட் என்று கொண்டால் மின்சாரம் 42 யூனிட்டைச் சுற்றி வரும், ஒரு நடுத்தர வீட்டின் சில நாள் செலவுதான். மறுமுனையில் திரண்டு படியும் இரும்பு, குரோமிய ஹைட்ராக்சைடுகள், முழுக்க உலர்த்திய எடையில் 22 கிலோ. ஈரத்தோடு நிறுத்தால் அதைப்போலப் பல மடங்கு. ஆண்டுக்கு உலர்ந்த எடையே 8 டன்.

வினை நூற்றுக்கு நூறு நேர்த்தியாக நடந்தால் வரும் குறைந்தபட்சக் கணக்கு இது. நீரில் கரைந்த ஆக்சிஜனும் இரும்பு-2ஐப் பறித்துக்கொள்ளும் என்பதால் உண்மையில் தகடும் கசடும் இன்னும் கூடும். இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. மின்வேதிச் சுத்திகரிப்பு என்ற பெயரில் மின்சாரம் முன்னால் நிற்கிறது. செலவிலும் பொறுப்பிலும் முன்னால் நிற்பது கசடு. 1 கிராம் குரோமியத்தை நீரிலிருந்து எடுக்க 8 கிராமுக்கு மேல் திடக்கழிவை உண்டாக்குகிறோம். ராணிப்பேட்டை மேடும் ஒரு காலத்தில் இப்படித்தான் தொடங்கியது: வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிஞ்சியதை வளாகத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்கள்.

இரண்டு கசடுகளும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குரோமியத்தின் விஷயத்தில் வடிவமே மாறிவிடுகிறது. குரோமியம்-3 ஒப்பீட்டில் சாது. ஆர்சனிக்குக்கு அந்தப் பேறு இல்லை. துருவில் ஒட்டினாலும் அது ஆர்சனிக்தான். ஈரமும் அழுகும் குப்பையும் சேர்ந்த இடத்தில் கொட்டினால், ஆக்சிஜன் தீர்ந்து, வங்கத்து மண்ணடியில் நடந்த அதே கதை குப்பைமேட்டில் மறுபடி தொடங்கும். ஒன்றை நாம் மாற்றுகிறோம், மற்றதை நகர்த்த மட்டும் செய்கிறோம். அதனால்தான் தப்தபி நிலையத்தின் கசடைக் கான்கிரீட்டில் கலந்து இறுக்கி, நஞ்சு கசிகிறதா என்று ஆய்வாளர்கள் தனியே சோதித்துப் பார்த்தார்கள்.

குரோமியம்-3இன் சாதுத்தனமும் நிபந்தனைக்குட்பட்டது. மண்ணில் இயல்பாகவே காணப்படும் மாங்கனீசு ஆக்சைடுகள் அதன் எலக்ட்ரான்களைத் திரும்பப் பறித்து, மீண்டும் குரோமியம்-6 ஆக்கவல்லவை. கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரினும் அதைச் செய்யக்கூடும். இரும்போடு சேர்ந்து படிந்த குரோமியம் தனிக் குரோமியத்தைவிட உறுதியாக நிற்கிறது, ஆனால் உறுதி என்பது கைவிடலாம் என்ற அனுமதி ஆகாது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி இத்தகைய கசடு போக வேண்டிய இடம், அடியில் கசிவுத் தடுப்பு விரித்த காப்பு நிலநிரப்பு. தமிழ்நாட்டில் அப்படியொன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து லாரி ஏற்றி அனுப்பும் செலவு, திட்டமதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்துகொள்ளும் செலவாகிவிடக் கூடாது.

கம்பியில்லாத மின்கலம்

கசடே மேலே வராமல் நிலத்தடியிலேயே காரியத்தை முடிக்க முடியாதா? முடியும், இடம் ஒத்துழைத்தால். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில் கடலோரக் காவல் படையின் தளம் இருக்கிறது. அங்கே ஒரு குரோமிய முலாம் பட்டறையிலிருந்து குரோமேட் கசிந்து, பக்கத்து ஆற்றை நோக்கி நிலத்தடியில் நகர்ந்துகொண்டிருந்தது. 1996இல் அதன் பாதையின் குறுக்கே 46 மீட்டர் நீளத்துக்கு அகழி வெட்டி, 7 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இரும்புத் துகளை நிரப்பினார்கள். சுவரின் தடிமன் 0.6 மீட்டர். நீர் தன்போக்கில் அதைக் கடந்தது. இரும்பு அரிக்கப்பட்டு எலக்ட்ரான் கொடுத்தது, குரோமியம் அதை வாங்கி அங்கேயே படிந்தது. துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்வேதி வினை. அந்த அகழியை வெளியிலிருந்து மின்சாரம் தராமல் தானே ஓடும் ஒரு மெதுவான மின்கலம் எனலாம். சுவர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது.

களிமண் நிலமென்றால் இன்னொரு வழி. நீர் நகராத களியில் மின்வாய்களை ஊன்றி நேர்திசை மின்சாரம் தந்தால், குரோமேட் அயனிகள் நேர்மின்வாயை நோக்கியும் ஈயம், காட்மியம் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கியும் ஊர்ந்து வரும், அங்கே உறிஞ்சி எடுக்கலாம். செறிவு மிகுந்த ஆலைக் கழிவுநீரில் செம்பை எதிர்மின்வாயில் முலாமாகவே படியவைத்துத் திரும்ப விற்கலாம். அப்போது கசடு என்ற பேச்சே எழாது. ஆனால் நிலத்தடி நீரில் உலோகம் பெரும்பாலும் மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். அந்த நீர்த்த நிலையில் அயனிகள் மின்வாயை வந்தடைவதே மெதுவாகிறது, மின்சாரத்தில் பெரும்பகுதி நீரைப் பிளப்பதில் வீணாகிறது.

எலிசபெத் சிட்டியின் மணல் நிலத்துக்குப் பொருந்திய சுவர் ராணிப்பேட்டைக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மேலே மெல்லிய மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும்கீழ் வெடிப்புகள் ஓடும் கடும்பாறை. ஊரிலுள்ள போர்வெல்கள் நீர் எடுப்பது அந்த வெடிப்புகளிலிருந்துதான். நீர் எந்த வெடிப்பில் எப்படித் திரும்பும் என்பதை அறியாமல் குறுக்கே சுவர் வைக்க முடியாது. மேலே இறைத்துச் சுத்திகரித்தாலும், வெடிப்புகளின் மூலைமுடுக்கில் ஊறிய குரோமேட் சிறிது சிறிதாகத் திரும்பக் கசியும். பம்பை நிறுத்தினால் அளவு மீண்டும் ஏறும். மேலே மேடு திறந்து கிடக்கும்வரை, ஒவ்வொரு பருவமழையும் புதுச் சரக்கைக் கீழே அனுப்பும். ஓட்டைப் படகில் நீரை இறைப்பவன் முதலில் ஓட்டையைப் பார்க்க வேண்டும். மூலத்தை மூடி, மழைநீர் இறங்காமல் தடுத்து, பிறகு நீரைத் தொடுவதே வரிசை. மின்திரளாக்கம் இங்கே கடைசிப் படி, குடிக்கும் நீரைக் காக்கும் காவல். மலையைக் கரைக்கும் மந்திரத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கசடுக்கு ஒரு விலாசம்

தோல் ஆலை மாசு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஊர்கள் அன்று வேலூரைச் சேர்ந்தவை. அந்தப் பகுதியின் நீரிலிருந்தே நாடு முழுமைக்குமான சட்டம் பிறந்தது. ஆயினும் மாசுபடுத்திய ஆலை மூடிப்போனால் ஈடுசெய்ய யார் எஞ்சுவார்? அப்போது பொறுப்பு அரசின் மடியில், அதாவது நம் வரிப்பணத்தில் வந்து விழுகிறது. கசடைப் பேணும் பணத்தை ஆலை ஓடும்போதே வைப்புநிதியாக வாங்கிவைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அறிவுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. குரோமியம், ஆர்சனிக் உள்ளிட்ட நச்சுகளை மின்திரளாக்கத்தால் நீக்கும் ஆய்வுகள் அங்கிருந்தே வெளிவந்திருக்கின்றன. தோல் ஆய்வுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் சென்னையில் இருக்கிறது. எந்தத் தகடு, எவ்வளவு மின்னோட்டம், எத்தனை நிமிடம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதப்பட்டுவிட்டது. கட்டுரைகளில் பொதுவாக, நீக்கம் 99 சதவீதம் என்ற வரியோடு சோதனை முடிந்துவிடுகிறது. முகவையின் அடியில் படிந்த பழுப்புச் சேற்றை ஆய்வகம் என்ன செய்தது என்று தேடினால் பல கட்டுரைகளில் ஒரு வரிகூட அகப்படாது.

ஆய்வகத்தில் அது மன்னிக்கக்கூடிய மறதி, ஊரில் மன்னிக்க முடியாது. ஒரு பஞ்சாயத்திலோ பள்ளியிலோ இத்தகைய நிலையம் அமைக்க முன்வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி நீக்க சதவீதம் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. பாரடேயின் விதி அதைக் கவனித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் சேரும் சேறு எத்தனை கிலோ, அதை அள்ளுபவர் யார், அவருக்குக் கையுறையும் கூலியும் யார் தருவது, லாரி எந்த ஊருக்குப் போகும், பத்தாண்டு கழித்து அந்த ஊரின் போர்வெல்லைச் சோதிப்பவர் யார் என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு எழுத்தில் பதில் இருந்தால் மற்ற வேலையை இரும்பு பார்த்துக்கொள்ளும். பதில் இல்லையென்றால், மஞ்சள் நிறத்தில் இருந்த ஒரு மேட்டைப் பழுப்பு நிறத்தில் இன்னொரு ஊரில் எழுப்புகிறோம் என்றே பொருள்.